அரண்மனைக் கதவுகளை எவ்வளவு திறக்கலாம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், சையத் புத்ரா சாலைக்கு மேலே ஒரு குன்று இருக்கிறது. 2011 வரை மலேசியாவின் மாமன்னர் அந்தக் குன்றின் மேலிருக்கும் பழைய இஸ்தானா நெகாராவில்தான் குடியிருந்தார். 2013 பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினத்தன்று, அதே கட்டடம் அரச அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மாமன்னர் குடிபெயர்ந்த புதிய இஸ்தானா நெகாரா, துவாங்கு அப்துல் ஹாலிம் சாலையில் இருக்கிறது. அதன் வாயிலில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கின்றன. குதிரைக் காவலர்களோடு படம் எடுத்துக்கொண்டு மக்கள் திரும்பிவிடுகிறார்கள். கிள்ளானில் சிலாங்கூர் சுல்தானின் இஸ்தானா ஆலம் ஷா, இன்றும் அரச சடங்குகள் நடக்கும் அரண்மனை. அதற்குத் தெற்கே கோல லங்காட் மாவட்டத்து ஜுக்ராவில், 1905ல் கட்டி முடிக்கப்பட்ட பழைய அரண்மனை ஒன்று அரசர் இல்லாமல் நிற்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் ஓரத்திலுமாக நான்கு அரண்மனைகள், நான்கு நிலைமைகள். அரண்மனைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த வேறுபாடு மறக்கப்படுகிறது. "மக்கள் பணத்தில் நடப்பதை மக்கள் பார்க்கட்டும்" என்பது ஒரு தரப்பு. "அரண்மனை என்ன பொருட்காட்சியா?" என்பது மறுதரப்பு. இரண்டுமே எல்லா அரண்மனைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகின்றன. இந்த அரண்மனைகள் எப்படி வந்தன, பிற நாடுகளில் எப்படித் திறந்தார்கள், தமிழ்நாட்டில் என்ன நேர்ந்தது என்பவற்றைப் பார்த்துவிட்டு, எந்தக் கதவை எவ்வளவு திறக்கலாம் என்று கணிப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஈயப் பணத்தில் எழுந்த மாளிகை

பழைய இஸ்தானா நெகாரா அரண்மனையாகக் கட்டப்பட்டதே அல்ல. சான் விங் என்ற சீனச் செல்வந்தர் 1928ல் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. சுங்கை பீசியின் ஹொங் ஃபாட் ஈயச் சுரங்கத்தில் பங்கு கொண்டிருந்தவர் அவர். சுமார் 13 ஏக்கர் நிலத்தில், கிள்ளான் ஆற்றைப் பார்த்தபடி அந்த மாளிகை எழுந்தது. 1942ல் ஜப்பானியர் வந்ததும் அது அவர்களின் அதிகாரிகளுக்கு இருப்பிடமானது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அங்கே தங்கினர். 1950ல் சிலாங்கூர் அரசு அதை வாடகைக்கு எடுத்து, சுல்தானின் கோலாலம்பூர் இருப்பிடமாக்கியது. அன்று கோலாலம்பூர் சிலாங்கூரின் தலைநகர். 1974ல்தான் அது கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தது. 1957ல் சுதந்திரம் நெருங்கியபோது, புதிய நாட்டின் முதல் மாமன்னருக்கு ஓர் இல்லம் தேவைப்பட்டது. கூட்டரசு அரசாங்கம் இந்த மாளிகையை விலைக்கு வாங்கியது.

1980ல் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் மாமன்னரின் முடிசூட்டு விழா இங்கே நடக்கத் தொடங்கியது. அதற்கு முன் அந்த விழா அம்பாங் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் நடந்தது. அந்த வளாகமும் ஒரு சீனச் செல்வந்தரின் வீடுதான். இயூ தோங் சென் 1935ல் கட்டியது. நாட்டின் முதல் நாடாளுமன்றம் 1959ல் கூடியதும் அங்கேதான். இன்று அது மலேசியச் சுற்றுலா மையம். மாமன்னர்கள் முடிசூடிய இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். அதனால் முடியாட்சியின் மதிப்பு இம்மியும் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

இந்த வரலாறு விவாதத்துக்கு ஓர் அடிப்படையைத் தருகிறது. சுரங்க முதலாளியின் வீடு, படை அதிகாரிகளின் விடுதி, சுல்தானின் இருப்பிடம், மாமன்னரின் அரண்மனை, அருங்காட்சியகம் என்று ஒரே கட்டடம் 85 ஆண்டுகளில் ஐந்து வேடம் போட்டிருக்கிறது. ஒரு கட்டடத்தை அரண்மனையாக்குவது அதில் நடக்கும் வேலை. வேலை மாறும்போது கதவின் நியதியும் மாறுவது இயல்பு.

கிள்ளானில் இடிந்ததும் நின்றதும்

சிலாங்கூரின் அரசு பீடம் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சுல்தான் அப்துல் சமாட் காலத்தில் ஜுக்ராவே அரச நகரம். அவருக்குப் பின் 1898 முதல் 1938 வரை ஆண்ட சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா இரண்டு அரண்மனைகளோடு தொடர்புடையவர். கிள்ளானில் இருந்தது இஸ்தானா மகோத்தா புரி. ஜுக்ராவில் இருப்பது இஸ்தானா பண்டார்.

கிள்ளான் அரண்மனையை இன்று பார்க்க முடியாது. அது இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 1950ல் சுல்தான் ஹிசாமுதீன் ஆலம் ஷா காலத்தில் இஸ்தானா ஆலம் ஷா கட்டப்பட்டது. இன்றைய சுல்தான் ஷராஃபுதீன் இட்ரிஸ் ஷா 2003 மார்ச்சில் முடிசூடியது இந்தப் புதிய அரண்மனையில்தான். பழையதன் நினைவாக நிழற்படங்களே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தில் இடிப்பது யாருக்கும் பிழையாகத் தோன்றியிருக்காது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது போல அதுவும் நடந்தது. பொதுமக்கள் ஒருபோதும் உள்ளே நுழைந்து பார்க்காத ஒரு கட்டடத்துக்காக யார் வாதாடப் போகிறார்கள்?

ஜுக்ரா அரண்மனையின் கதை வேறு. சுல்தான் 1938ல் மறைந்த பிறகு அது அரச இல்லமாக இருக்கவில்லை. பின்னாளில் சமயப் பள்ளி அங்கே இயங்கியது. மலாய், இஸ்லாமிய, சீன, இந்தியக் கட்டடக் கூறுகள் கலந்த அதன் அமைப்பைப் பற்றி மரபுரிமை ஆர்வலர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். ஆயினும் கோலாலம்பூர்வாசிகளில் பலருக்கு அப்படி ஓர் அரண்மனை இருப்பதே தெரியாது.

கிள்ளானிலேயே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 1909ல் ஏ. பி. ஹப்பக்கின் வடிவமைப்பில் எழுந்த காலனியாட்சி அலுவலகம் சுல்தான் சுலைமான் கட்டடம். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமிக் பள்ளிவாசலையும் வடிவமைத்தவர் இதே ஹப்பக். அந்த அலுவலகம் 2007 முதல் சுல்தான் அப்துல் அஸீஸ் அரச காட்சிக்கூடமாக இருக்கிறது. 1999 முதல் 2001 வரை நாட்டின் பதினோராவது மாமன்னராக இருந்த சுல்தான் சலாஹுதீன் அப்துல் அஸீஸ் ஷாவின் உடைமைகளும் அரச அணிகலன்களின் நகல்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. தெங்கு கிளானா சாலையின் லிட்டில் இந்தியாவில் துணி எடுக்கப் போகிறவர்கள் சில நிமிடம் நடந்தால் அங்கே போய்விடலாம். அரசர் குடியிருக்கும் வீட்டைத் தொடாமல், அரச வரலாற்றை மட்டும் வெளியே கொண்டுவந்து வைக்கும் வழி இது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வாளுக்கும், அது ஏந்தப்பட்ட மண்டபத்துக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது.

திறக்கச் சொல்வோரின் வாதம்

முதல் வாதம் பணம் பற்றியது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, மாமன்னரின் செலவுத் தொகையைக் கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதியிலிருந்து வழங்கச் சொல்கிறது. அவர் பதவியில் இருக்கும் வரை அதைக் குறைக்கவும் கூடாது. 2011ல் பயன்பாட்டுக்கு வந்த புதிய இஸ்தானா நெகாராவுக்கு 81 கோடி வெள்ளிக்கு மேல் செலவானது. முதலில் சொல்லப்பட்ட மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இருமடங்கு அது. அன்று அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. இவ்வளவு பொதுப்பணம் போட்ட கட்டடத்தைப் பணம் தந்தவர் ஒருமுறையேனும் பார்க்க வேண்டாமா என்று கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இந்த வாதத்தை அளவுக்கு மேல் இழுக்க முடியாது. ராணுவ முகாமும் மத்திய வங்கியின் பெட்டகமும்கூடப் பொதுப்பணத்தில் கட்டியவைதாம். பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமை நாடாளுமன்றத்தில் செலுத்தப்பட வேண்டியது. படுக்கையறையை எட்டிப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

இரண்டாவது வாதம் சற்றே வலுவானது. மலேசியாவின் முடியாட்சி உலகில் அரிதானது. ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் கூடித் தங்களுள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கெடா சுல்தான் துவாங்கு அப்துல் ஹாலிம் 1970லும் மீண்டும் 2011லும் இரண்டு முறை மாமன்னர் ஆனார். புதிய அரண்மனையில் முதலில் முடிசூடியவரும் அவரே. இந்த முறை எப்படி இயங்குகிறது, ஆட்சியாளர் மன்றம் என்ன செய்கிறது, பிரதமர் யாரிடம் ஏன் பதவிப் பிரமாணம் எடுக்கிறார் என்பவற்றை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சடங்கு நடந்த மண்டபத்தில் நிற்க வைத்துச் சொன்னால் ஒரே நாளில் புரியும். கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் பிரிக்பீல்ட்ஸின் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் இந்த இடங்கள் பேருந்தில் சென்று வரும் தூரம்தான்.

மூன்றாவது வாதம் மரபிலிருந்து வருகிறது. மலாய் அரண்மனைகளில் அரியணை மண்டபம் குடிமக்கள் ஆட்சியாளர் முன் வந்து நிற்பதற்காக அமைந்தது. முன்பகுதி பொது, பின்பகுதி வீடு. தமிழர் நினைவிலும் இதே எதிர்பார்ப்புதான் இருக்கிறது. ஒரு பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தாலும் அரசன் எழுந்து வர வேண்டும் என்று திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லி வந்தவர்கள் நாம். அரண்மனை முழுக்க அடைபட்டுக் கிடப்பது பழைய மரபு அல்ல. பாதுகாப்பு அதிகாரிகளும் உயர்ந்த மதில்களும் வந்த நவீன காலத்தில் வழக்கமானது அது.

மலேசியாவிலேயே இந்த மரபின் தொடர்ச்சியைக் காணலாம். 2023 நோன்புப் பெருநாள் காலத்தில் இஸ்தானா நெகாராவில் நடந்த திறந்த இல்ல உபசரிப்புக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2020 பிப்ரவரி அரசியல் நெருக்கடியின்போது, அரண்மனை வாயிலில் நாள்முழுதும் காத்திருந்த செய்தியாளர்களுக்கு அன்றைய மாமன்னர் அல்-சுல்தான் அப்துல்லா தாமே வெளியே வந்து உணவு வழங்கினார். அந்தச் சில நிமிடங்களின் படங்கள் நாடு முழுதும் பரவின. ஒரு மாமன்னர் வாயில் வரை வந்ததே மக்களுக்கு அவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது.

மறுப்போரின் வாதம்

எதிர்த்தரப்பு சொல்வதிலும் சாரம் இருக்கிறது. அதை மரியாதையோடு எடைபோட வேண்டும்.

பாதுகாப்பு முதல் காரணம். மலேசியாவில் தடைசெய்யப்பட்ட இடங்களுக்கென்றே 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பார்வையாளர் இல்லாத காலத்திலேயே அரண்மனைகளுக்குள் அத்துமீறல் நடந்ததுண்டு. 1982 ஜூலையில் மைக்கேல் ஃபேகன் என்பவர் பக்கிங்காம் அரண்மனைச் சுவரேறிக் குதித்து, அரசி எலிசபெத்தின் படுக்கையறை வரை போய்விட்டார். அதே பக்கிங்காம் பதினோரு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த முடிவுக்குப் பின் பெரும் பாதுகாப்புச் சீர்குலைவு எதுவும் வரவில்லை. சீட்டு, சோதனை, குறித்த பாதை, குறித்த நேரம் என்று வரும் பார்வையாளரைக் கண்காணிப்பது, சுவரேறி வருபவரைக் கண்டுபிடிப்பதை விட எளிது. ஆகவே பாதுகாப்பு என்பது திறக்கும் முறையைத் தீர்மானிக்கும் காரணம். திறக்கவே கூடாது என்பதற்கான காரணம் ஆகாது.

இரண்டாவது, மாண்பு. மலாய் மரபில் ஆட்சியாளரின் மாட்சிமை வெறும் பதவி அல்ல. மஞ்சள் நிறம், அரச இசைக்குழுவான நோபாட், அரச வாள் போன்ற சின்னங்கள் எல்லாவற்றுக்கும் சடங்கு முறை இருக்கிறது. அந்த இடத்தில் அரைக்கால் சட்டையோடு நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைப் பலர் விரும்பமாட்டார்கள். இந்த உணர்வு நமக்கும் புதிதல்ல. கோயில் கருவறையின் வாசலில் நின்று கும்பிடுகிறோம். உள்ளே போக யாரும் கேட்பதில்லை. அரண்மனையிலும் கருவறைக்கு நிகரான பகுதிகள் உண்டு. அவற்றை மூடியே வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, தனிவாழ்வு. அரசரும் மனைவி மக்களோடு வாழ்பவர். வேறு வேலைக்குப் போகும் எவருக்கும் மாலையில் திரும்ப ஒரு வீடு இருக்கிறது. அவருக்கு அலுவலகமே வீடு. வாழும் அரண்மனையை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சொல்வோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நான்காவதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. கூட்டம் கட்டடத்தைத் தேய்க்கும். நாள்தோறும் ஆயிரம் கால்கள் ஏறி இறங்கினால் மரப்படி தேயும். மூச்சின் ஈரத்தில் பட்டுத்திரை மங்கும். மலேசியாவின் வெப்பத்திலும் மழையிலும் மரக்கட்டடங்கள் கறையானோடு போராடிக்கொண்டே இருக்கின்றன. பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்காமல் கதவை மட்டும் திறந்துவிட்டால், சில ஆண்டில் "பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுள்ளது" என்ற பலகைதான் மிஞ்சும். ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசார் இதற்கு ஒரு பாடம். 1866ல் சுல்தான் அபு பக்கர் காலத்தில் எழுந்த அந்த அரண்மனையின் ஒரு பகுதி 1990ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அரச விழாக்களும் அங்கேயே தொடர்ந்தன. நாட்டின் மிகச் சிறந்த அரசத் திரட்டுகளுள் ஒன்று அங்கே இருந்தது. பின்னர் சீரமைப்புக்காக நீண்ட காலம் மூடியே கிடந்தது.

பிற நாடுகள் கண்ட வழிகள்

உலகின் வாழும் முடியாட்சிகள் இதற்குப் பொதுவாக மூன்று வழிகளைக் கண்டிருக்கின்றன.

அரசர் இல்லாத நேரத்தில் திறப்பது முதல் வழி. 1992 நவம்பரில் வின்ட்சர் கோட்டையில் தீப்பிடித்தது. அதைச் சீரமைக்க மூன்று கோடியே அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. மக்கள் வரியிலிருந்து எடுத்தால் எதிர்ப்பு வரும் என்ற நிலையில், 1993 கோடையில் பக்கிங்காம் அரண்மனையின் அரசு மண்டபங்கள் எட்டு பவுண்டு நுழைவுக் கட்டணத்தில் திறக்கப்பட்டன. அரச குடும்பம் அந்த மாதங்களில் ஸ்காட்லாந்தில் இருக்கும். வின்ட்சர் சீரமைப்புச் செலவில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு இந்தக் கட்டணத்திலிருந்தே வந்தது. 1997ல் வேலை முடிந்தது. தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு இன்றும் நிற்கவில்லை.

அரசர் வேறிடத்தில் வாழ, அரண்மனையைச் சடங்குக்கும் பார்வைக்கும் வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. ஸ்பெயின் அரசர் குடியிருப்பது சார்சுவேலாவில். மட்ரிட் அரச அரண்மனை அரசு விருந்துகளுக்கும் பார்வையாளருக்கும் பயன்படுகிறது. பாங்காக்கின் பெரிய அரண்மனையும் அப்படியே. அபுதாபியின் கஸ்ர் அல் வத்தன் 2019ல் பொதுமக்களுக்குத் திறந்தது.

ஆண்டில் சில நாள் மட்டும் திறப்பது மூன்றாவது. தோக்கியோவின் பேரரச அரண்மனையில் புத்தாண்டையொட்டி ஜனவரி 2ஆம் தேதியும் பேரரசரின் பிறந்த நாளிலும் மக்கள் உள்வளாகம் வரை போகிறார்கள். மற்ற நாட்களில் முன்பதிவோடு வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம், கட்டடங்களுக்குள் நுழைய முடியாது. 1,788 அறைகள் கொண்டதாகச் சொல்லப்படும் புருணையின் இஸ்தானா நூருல் இமான், நோன்புப் பெருநாளையொட்டி மூன்று நாள் திறக்கிறது. வருவோருக்கு விருந்தும் உண்டு.

சிங்கப்பூரின் இஸ்தானா அரசருடையதல்ல, அதிபருடையது. ஆனாலும் அதன் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. சீனப் புத்தாண்டு, தொழிலாளர் தினம், நோன்புப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றையொட்டி அங்கே திறந்த இல்லம் நடக்கிறது. இனத்துக்கு ஒரு பண்டிகை, நாட்டுக்கு ஒரு நாள், உழைப்பவருக்கு ஒரு நாள் என்ற அந்தக் கணக்கு யோசித்துப் போட்டது. அந்த மாளிகையை 1867 முதல் 1869 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அவர்கள் சுமந்த கல்லின் மேல் இன்று தீபாவளிக்கு அவர்கள் நாட்டவரின் வழித்தோன்றல்கள் நடந்து போகிறார்கள்.

மலேசியாவிலேயே பேரா மாநிலம் தெளிவான பிரிவினை செய்திருக்கிறது. கோல கங்சாரில் சுல்தான் வாழும் இஸ்தானா இஸ்கந்தரியா தனி. 1926ல் ஆணியே அடிக்காமல் மரத்தாலும் மூங்கில் பாயாலும் கட்டிய இஸ்தானா கெனாங்கான் தனி. இரண்டாவது அருங்காட்சியகம் ஆனது. நெகிரி செம்பிலானின் ஸ்ரீ மெனாந்தியிலும் 99 தூண்களோடு நிற்கும் பழைய மர அரண்மனை 1992ல் அருங்காட்சியகமாக மாறியது. ஓய்வு பெற்ற அரண்மனை மக்களுக்கு, பணியில் உள்ள அரண்மனை அரசருக்கு என்ற ஒழுங்கு இந்த மண்ணிலேயே விளைந்தது.

தமிழ்நாடு தரும் எச்சரிக்கை

கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதற்கு மதுரை சாட்சி. 1636ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் இன்று எஞ்சியிருப்பது கால்வாசி அளவே. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலைப் பிரித்தெடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் முயன்று சீரமைத்தார். பிறகு பல பத்தாண்டு அங்கே நீதிமன்றம் நடந்தது. மக்கள் தாராளமாகப் போய்வருகிற அந்த மகாலின் தூண்களில் காதலர் பெயர்களைக் கிறுக்கி வைத்ததும், அதைத் துடைத்துச் சீர்செய்ய அரசு செலவழித்ததும் தெரிந்த கதை. தஞ்சை அரண்மனையிலோ நூலகம், கலைக்கூடம், அலுவலகங்கள் என்று பல பேர் பங்கு போட்டுக்கொண்டதால், முழு அரண்மனையின் வரலாற்றை ஓரிடத்தில் நின்று தெரிந்துகொள்வது கடினம்.

நல்ல எடுத்துக்காட்டு பத்மநாபபுரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும், 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பார்த்துக்கொள்கிறது. அரசர் அமைச்சர்களோடு கூடிய மந்திரசாலை, தினம் இரண்டாயிரம் பேர் வரை சாப்பிட்டதாகச் சொல்லப்படும் ஊட்டுப்புரை, மகளிர் பகுதி என்று ஒவ்வொன்றும் அதனதன் வேலையோடு காட்டப்படுகிறது. அரசாட்சி என்பது அரியணையும் கிரீடமும் மட்டுமல்ல. சமையலும் கணக்கும் ஆலோசனையும் காவலுமாக நடந்த ஓர் இயக்கம் என்பது பார்ப்பவருக்கு விளங்குகிறது.

மைசூர் இன்னொரு சமரசத்தைக் காட்டுகிறது. 1897ல் மர அரண்மனை எரிந்த பிறகு ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912ல் முடித்த அரண்மனையை மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார்கள், காலணியைக் கழற்றிவிட்டுத்தான். அரச குடும்பத்தின் குடியிருப்புப் பகுதியோ தனியே ஒதுங்கி நிற்கிறது. ஒரே கூரையின் கீழ் பொதுவும் தனியும் இருக்க முடியும் என்பதை மைசூர் நடத்திக் காட்டுகிறது.

உள்ளே என்ன சொல்லப்படுகிறது?

இதுவரை பார்த்ததெல்லாம் கதவு பற்றியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் இன்னும் ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். கதவைத் தாண்டியதும் யாருடைய கதை சொல்லப்படுகிறது?

சான் விங்கின் மாளிகையைக் கட்டிய பணம் ஈயத்திலிருந்து வந்தது. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க 1886ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதையின் உழைப்பிலும் பின்னர் ரயில்வே அலுவல்களிலும் தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் பெரும் பங்கு கொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ஒரு தமிழ்ப் பகுதியானதே ரயில்வேயால்தான். சுல்தானின் மாநிலம் செழித்ததற்குச் சுரங்கச் சீனரும் தோட்டத் தமிழரும் வயல் மலாயரும் சேர்ந்து காரணம். அரச அருங்காட்சியகம் ஒன்றில் படுக்கை விரிப்பின் நிறத்தைக் காட்டும் அக்கறையோடு இந்த உறவையும் காட்டினால், "இது என் நாட்டு வரலாறு" என்று எல்லா இனத்து மாணவரும் சொல்ல வழி பிறக்கும். இந்நாட்டு அருங்காட்சியகங்களின் விளக்கப் பலகைகள் பொதுவாக மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழிலும் மாண்டரினிலும் ஓர் ஒலிவழிகாட்டி சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

ஓர் இடத்தைத் தன் கதையாக மக்கள் உணர்வதன் வலிமையைப் பிரிக்பீல்ட்ஸ் அனுபவத்தில் அறிந்திருக்கிறது. 1905ல் எழுந்த ரயில்வே ஊழியர் குடியிருப்பான நூறு வீடுகள், பல ஆண்டு முணுமுணுப்புக்குப் பிறகும் இடிக்கப்பட்டுவிட்டன. 1904ல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமத்துக்கு ஆபத்து வந்தபோதோ மக்கள் திரண்டார்கள். 2016ல் அது மரபுரிமைக் கட்டடமாக அரசிதழில் பதிவானது. ஆசிரமத்தின் மண்டபத்தில் நின்றவர்கள், அங்கே படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊரில் இருந்தார்கள். காக்கும் எண்ணம் உள்ளே போய்வந்தவர்களிடமிருந்துதான் வரும். கிள்ளானின் மகோத்தா புரி அரண்மனைக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

எந்தக் கதவு, எவ்வளவு?

மேலே கண்டவற்றிலிருந்து மூன்று தீர்மானங்களுக்கு வரலாம்.

முதலாவது, பணியில் உள்ள அரண்மனைகளான இஸ்தானா நெகாராவையும் இஸ்தானா ஆலம் ஷாவையும் ஆண்டு முழுதும் திறக்கத் தேவையில்லை. ஆனால் ஆண்டில் சில நாள், முன்கூட்டியே அறிவித்து, முன்பதிவு செய்தோர் வழிகாட்டியோடு அரசு மண்டபங்களைக் காணும் ஏற்பாடு நிலையான வழக்கமாக வேண்டும். அது ஒரு மாமன்னரின் தனிப்பட்ட பெருந்தன்மையைச் சார்ந்திருக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னர் மாறும் நாட்டில், எழுதிவைத்த வழக்கமே நிலைக்கும். சிங்கப்பூரைப் போலப் பண்டிகைகளைப் பகிர்ந்து, அந்த நாட்களில் ஒன்றாகத் தீபாவளியையும் வைக்கலாம். குடியிருப்புப் பகுதியும் சடங்குப் பொருட்கள் இருக்கும் அறைகளும் மூடியே இருக்கட்டும். உடை ஒழுங்கைக் கண்டிப்பாகக் கேட்கலாம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகத் தெரிந்த மக்களுக்கு அது சுமை அல்ல.

இரண்டாவது, ஓய்வு பெற்ற அரண்மனைகள் ஆண்டு முழுதும் மக்களுக்கே உரியவை. பழைய இஸ்தானா நெகாரா அந்த வழியில் சரியாகவே சென்றது. அடுத்த முறை ஜுக்ராவுடையது. கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஒரு நாளில் போய்வரக்கூடிய அந்த அரண்மனை சிலாங்கூரின் முதன்மை வரலாற்றுத் தலமாக ஆக வேண்டியது.

மூன்றாவது, பராமரிப்பு நிதி இல்லாமல் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது. வின்ட்சரின் கூரையைப் பெரும்பாலும் பார்வையாளர் கட்டணமே சீராக்கியது. இங்கும் வசூலாகும் கட்டணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல், அந்தந்தக் கட்டடத்துக்கே திரும்ப வேண்டும். உள்நாட்டு மாணவருக்குக் கட்டணம் வேண்டாம்.

அரண்மனைகளைத் திறக்க வேண்டுமா என்று கேட்டால், விடை ஆம் என்பதே. மாமன்னரின் வீட்டை அருங்காட்சியகமாக்கச் சொல்லும் ஆம் அல்ல இது. அவர் பதவி ஏற்கும் மண்டபத்தைக் குடிமக்கள் ஆண்டில் ஒரு நாளாவது காணட்டும் என்ற ஆம். அதைக் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், ஏற்கனவே திறந்து கிடக்கும் கதவுகளை நாம் பயன்படுத்தியிருக்க வேண்டும். கிள்ளானில் துணிக்கடைக்கும் பூக்கடைக்கும் போகும் குடும்பங்கள் அடுத்த முறை பிள்ளைகளை அரச காட்சிக்கூடத்துக்கும் அழைத்துப் போகட்டும். தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் ஜுக்ராவும் இடம்பெறட்டும். பார்த்துவிட்டு வருபவர்கள், தமிழில் ஒரு விளக்கப் பலகை எங்கே என்று அங்குள்ள அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்கட்டும்.